பக்கத்தில் இருப்பவனுக்கு ப்ராக்ஸி

வகுப்புக்கு வராத ஒருவனுக்காக வந்த ஒருவன் குரல் கொடுப்பதற்கு ப்ராக்ஸி என்று பெயர். தாம்பரம் வட்டாரத்தில் கல்லூரி என்ற ஒன்று தொடங்கிய மறுநாளே இதுவும் தொடங்கியிருக்கும். அதில் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்புக்கு நேரத்தோடு வந்து, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டில் தேதி எழுதி, மார்ஜினும் போட்டுவிட்ட ஒருவனுக்காக, அவன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவன் தினமும் ப்ராக்ஸி கொடுத்தது, எனக்குத் தெரிந்து எங்கள் பி.காம் முதலாமாண்டு ‘பி’ பிரிவில் மட்டும்தான்.

வந்து உட்கார்ந்தவன் எழில். குரல் கொடுத்தவன் ஃபிரெடி. நான் ஜெரோம். இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர எனக்கு இதில் பெரிய பங்களிப்பு இல்லை.

எழில் முடிச்சூரிலிருந்து வருகிறவன். அரசுப் பள்ளி, தமிழ் வழி. அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து, பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். அத்தனை வருடம் தினமும் சொன்ன வார்த்தை வாயில் தங்காது, முதுகெலும்பில் போய் உட்கார்ந்துவிடும். கல்லூரியின் முதல் நாள், முதல் வகுப்பில், அக்கவுண்ட்ஸ் எடுக்கும் சாமுண்டீஸ்வரி மேடம் “எழில்” என்று கூப்பிட்டதும் அந்த முதுகெலும்பு விறைத்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, “உள்ளேன் ஐயா!” என்றது.

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. அன்றைக்கு எங்கள் எல்லாருக்குமே பயம். யாராவது ஒருத்தன் முதலில் மாட்டினால் மற்றவர்களுக்கு மூச்சு வரும் என்கிற நிலைமை. எழில் மாட்டினான், நாங்கள் மூச்சு விட்டோம். மேடமும் லேசாகச் சிரித்து, “ஐயா இல்லப்பா, உட்காரு,” என்றார். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். எழிலைத் தவிர.

மறுநாள் அவன் பெயர் வந்தபோது வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மேடம் இன்னொரு முறை கூப்பிட்டார். வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது. மேடம் ‘ஆப்சென்ட்’ போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே.

‘முன்னால் உட்கார்ந்திருப்பவனை எப்படி ஆப்சென்ட் போட முடியும்?’ என்று நீங்கள் கேட்கலாம். மேடம் தலை நிமிர மாட்டார். அது அவருடைய முறை. எழுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் முகத்தைப் பார்த்து வருகை போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பது அவர் கொள்கை. குனிந்துகொள்வார்கள், இடம் மாறுவார்கள், ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் மறைவான். குரல் அப்படி இல்லை. அதனால் ஒரே வாரத்தில் எழுபது குரலையும் மனப்பாடம் செய்துகொண்டு, பேனாவைப் பதிவேட்டில் வைத்தபடி காதால் மட்டும் வருகை எடுப்பார். “முகத்தை வச்சு ஏமாத்தலாம், வாய்ஸை வச்சு ஏமாத்த முடியாது,” என்று அவர் ஆசிரியர் கூட்டங்களிலேயே பேசியிருப்பதாகக் கேள்வி. எங்கள் சீனியர்கள் பலர் அந்தக் காதில் விழுந்து நாசமாகியிருக்கிறார்கள்.

முதல் வகுப்பில் போடுவதுதான் அன்றைய வருகை. நூற்றுக்கு எழுபத்தைந்து இல்லையென்றால் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. எழில் ஒரு நாள்கூட விடாமல் கல்லூரிக்கு வந்து, ஒரு நாள்கூட வராதவன் ஆகிக்கொண்டிருந்தான்.

நாங்கள் இதைக் கவனித்ததே ஒரு தவறான காரணத்துக்காக. ஆங்கில அகரவரிசையில் எழிலுக்கு முந்தைய பெயர் தீபலட்சுமி. அவள் பெயரைக் கூப்பிட்டால் போதும், இவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிடும், பேனா கீழே விழும். வகுப்பு தனக்குத் தெரிந்த ஒரே முடிவுக்கு வந்தது. விஷயம் தீபலட்சுமி காதுக்கும் போனது. சுற்றிவளைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இடைவேளையில் நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தாள்.

“இங்க பாரு எழில், அப்படி எதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. எனக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்ல. வீணா உனக்குத்தான் மனக்கஷ்டம்.”

எழில் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவள் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோதுதான் எழில் உண்மையைச் சொன்னான். முடிச்சூர் பஸ்ஸுக்கு அவன் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஃபிரெடிக்கு இரும்புலியூர், எனக்குப் பக்கத்துத் தெரு. மின்சார ரயில் ஒன்று கீழே வந்து நின்று, கூட்டம் எங்களைக் கைப்பிடிச் சுவரோடு ஒதுக்கியது.

“மச்சான், நான் காலேஜ விட்டு நின்னுடலாம்னு பார்க்கறேன்,” என்றான் எழில்.

“இன்னாத்துக்கு? தீபலட்சுமி வேணான்னு சொன்னதுக்கா?” என்றான் ஃபிரெடி.

“அவளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லடா. அவ பேரு வந்தா அடுத்து என் பேரு. அவ பேரக் கேட்டதும் தொண்டையில யாரோ கடை ஷட்டரை இழுத்து விடற மாதிரி இருக்கு. சரக்குன்னு மூடிடுது. அப்புறம் என்ன பண்ணாலும் தெறக்க மாட்டேங்குது.”

“இப்போ பேசிகினுதானே கீற?”

“உங்ககிட்ட வருது. அங்க வரல.”

“நின்னுட்டு இன்னா பண்ணுவ?”

“மறைமலை நகர்ல அப்பா கம்பெனியில சேர்த்துவிடறேன்னு சொல்லியிருக்காரு. காருக்குப் பார்ட்ஸ் பண்ற கம்பெனி. ஒரு செமஸ்டர் பாரு, ஒத்து வரலன்னா வந்துடுன்னாரு.” எங்களைப் பார்க்காமல் சொன்னான். “அங்க பேரு கூப்பிட மாட்டாங்களாம். மெஷின்ல விரல வச்சா போதுமாம்.”

ஃபிரெடி வாய்விட்டுச் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கீழே கிளம்பிப் போகிற ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா, அக்கவுண்ட்ஸ் புடிக்கலயா?”

“அதான்டா கஷ்டம். ரொம்பப் புடிச்சிருக்கு.”

“பேஜார் புடிச்சவனே,” என்றான் ஃபிரெடி. “நாளைக்கு உன் பேர கூப்ட்டா நீ சும்மா குந்திகினு இரு. நான் பார்த்துக்கறேன்.”

ஃபிரெடியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் சேரும்போதே அவனிடம் தெளிவான திட்டம் ஒன்று இருந்தது. காலை வகுப்புகளுக்கு வருவதில்லை என்பதே அது. அவனுக்காக ப்ராக்ஸி கொடுக்க, மேடத்தின் காதுக்குப் பயந்து ஒரு நாளும் வாய் திறக்காத என்னை நியமித்தும் வைத்திருந்தான். அப்படிப்பட்டவன் மறுநாள் முதல் மணிக்கு முன்பாகவே, தலையைக்கூடச் சீவாமல் வந்து எழில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“தீபலட்சுமி.”

“பிரசென்ட் மேம்.”

“எழில்.”

“பிரசென்ட் மேம்,” என்றது ஒரு கட்டைக் குரல். கல்லறைத் தோட்டத்து ஜெபத்துக்கு ஏற்ற குரல். ஃபிரெடியின் அடிவயிற்றிலிருந்து வந்தது.

“ஃபிரெடி.”

“பிஸண்ட் மேம்,” என்றான் அதே ஃபிரெடி, மூக்கால்.

அகரவரிசையின் கொடுமை அது. எழிலுக்கு அடுத்த பெயரே அவனுடையது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் வயிற்றிலிருந்து மூக்குக்கு ஏற வேண்டும். மேடத்தின் பேனா ஒரு கணம் யோசித்தது. பிறகு இரண்டு டிக் போட்டது. மேடம் இரண்டு புதிய குரல்களை மனப்பாடம் செய்துகொண்டார்.

இப்படியே ஓடியது. எழில் தவறாமல் வந்ததால் ஃபிரெடியும் தவறாமல் வர வேண்டியதாயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் கொட்டித் தீர்த்தது. வெள்ளம் புகுந்துவிடும் என்பதால், மழை நாளில் முடிச்சூர்க்காரர்கள் வராவிட்டால் ஏன் என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். அன்றைக்கும் எழில் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். பின்னாலேயே ஃபிரெடி, சொட்டச் சொட்ட.

“ஏன்டா, உங்க ஊர்ல போட் வுட்டாதான் லீவு போடுவியா? நீ வூட்ல இருந்தா நானும் வூட்ல இருப்பேன்ல?”

“நல்லெண்ணம் பத்தி மேம் இன்னிக்கு முடிக்கறேன்னு சொன்னாங்கடா.”

“எந்த நல்லெண்ணம்?”

“குட்வில்டா. அக்கவுண்ட்ஸ்ல வர்றது.”

“எனக்கு உம்மேல அது தீர்ந்துகினே வருது,” என்றான் ஃபிரெடி, தலையைத் துவட்டிக்கொண்டே.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. எழிலைப் பழக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முடிச்சூருக்கே போனோம். எழிலின் அம்மா கனகவல்லி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்கப்பா! எப்பப் பாரு உங்களப் பத்தியேதான் பேச்சு. வூட்ல இவன் வாய மூடவே மாட்டான். நைட்டு அவங்க அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்தா, மனுஷன தூங்க வுடாம டெபிட்டு கிரெடிட்டுன்னு ஒரே கதை.” எழில் வெட்கப்பட்டான். நாங்கள் வேறு யாரையோ பற்றிக் கேள்விப்படுவதுபோல நின்றிருந்தோம்.

ஃபிரெடி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் முந்தானையாகப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய நாள்காட்டியைப் பதிவேடாகப் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்தான். “தீபலட்சுமி!” என்றான். நான் தீபலட்சுமியாகப் பதில் சொன்னேன். “எழில்!” என்றான். எழில் கணீரென்று, “பிரசென்ட் மேம்!” என்றான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். ஒரு முறைகூடத் தவறவில்லை.

காபியோடு வந்த கனகவல்லி அம்மா ஃபிரெடியின் முந்தானையைப் பார்த்தார். “இன்னாப்பா இது, நாடகமா?”

“பிராக்டிக்கல்ஸ், ஆன்ட்டி.”

பி.காமில் பிராக்டிக்கல்ஸ் கிடையாது. அவர் நம்பி, ஃபிரெடிக்கு முறுக்கு கூடுதலாக வைத்தார்.

திங்கட்கிழமை ஷட்டர் பழையபடி சரக்கென்று இறங்கியது. ஃபிரெடி அலுத்துக்கொள்ளாமல் வயிற்றுக்கு இறங்கினான்.

பிறகு ஃபிரெடிக்கு மெட்ராஸ் ஐ வந்தது.

காலையில் அவனிடமிருந்து புகைப்படம். இரண்டு கண்ணும் பழுத்த மிளகாய். கூடவே குரல் செய்தி: “மச்சான், கண்ண தெறக்கவே முடியல. கூலிங் கிளாஸ் போட்டுகினு வந்துரட்டா?” அவனை வராதே என்று தடுத்தோம். எழிலுக்கு நான் குரல் கொடுக்கலாம் என்றால், மேடத்துக்கு என் குரல் தெரியும். மாற்றுக் குரல் என்னிடம் கிடையாது. ஹால் டிக்கெட்டுக்குப் பட்டியல் போகும் நேரம் அது. ஆரம்பத்தில் விழுந்த ஆப்சென்ட்டுகளால் எழில் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். மெட்ராஸ் ஐ ஒரு வாரத்துக்கு முன்னால் இறங்காது.

“நானே சொல்றேன்,” என்றான் எழில். முகம் வெளுத்திருந்தது.

“தீபலட்சுமி.”

“பிரசென்ட் மேம்.” அவள் சொல்லிவிட்டு, இதற்குள் வகுப்புக்கே விஷயம் தெரிந்திருந்ததால், எழில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவள் செய்த உதவி.

“எழில்.”

பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெள்ளையாகிவிட்டன. பிறகு அது வந்தது. கொஞ்சம் மெல்லிய, ஆனால் தெளிவான, கடைசி பெஞ்சுவரை கேட்ட குரல்.

“பிரசென்ட் மேம்.”

எனக்குக் கை தட்டத் தோன்றியது. மேடத்தின் பேனா நின்றது. அத்தனை மாதத்தில் முதல் முறையாக, வருகை எடுக்கும்போது அவர் தலை நிமிர்ந்தது.

“யாரது, எழிலுக்கு ப்ராக்ஸி கொடுக்கறது?”

ஏழெட்டுத் தலைகள் எழில் பக்கம் திரும்பின.

தீபலட்சுமி எழுந்தாள். “மேம், அது எழில்தான் மேம்.”

“நீ உட்காரும்மா. எழில் வாய்ஸ் எனக்குத் தெரியாதா? கட்டைக் குரல். மைக் வேணாம் அவனுக்கு. இது என்ன, கீச்சுன்னு?”

“நிஜமா எழில்தான் மேம்,” என்றாள் கீதா. “ஆமா மேம், எழில்தான்,” என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டோம். கல்லூரி வாழ்க்கையில் முதல் முறையாக வகுப்பே ஒற்றுமையாக உண்மை பேசியது. அதனாலேயே மேடத்துக்குச் சந்தேகம் உறுதியானது.

“ஓ, கிளாஸே சேர்ந்து பண்றீங்களா? எழில் வந்திருந்தா எழுந்து நிக்கட்டும்.”

எழில் எழுந்து நின்றான்.

“நீ யாருப்பா?”

“எழில், மேம்.”

“ப்ராக்ஸி கொடுத்ததே தப்பு. அவன் பேரைச் சொல்லிட்டு எழுந்து வேற நிக்கறியா?”

எழில் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி நீட்டினான். மேடம் கண்ணாடியை ஏற்றி, அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். படம் சேர்க்கை நாளன்று எடுத்தது. பயந்து போன முகம். எதிரே நின்றதும் அதே பயந்து போன முகம். அந்த அளவுக்குப் பொருந்துகிற அடையாள அட்டை எங்கள் கல்லூரியில் வேறு யாரிடமும் இல்லை.

மேடம் மெதுவாக உட்கார்ந்தார். “அப்போ, இத்தனை நாளா எனக்குப் பதில் சொன்னது யாரு?”

மேடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வா.”

இடைவேளையில் நான் ஃபிரெடிக்கு, ‘எழில் வாய் தெறந்துட்டான். அதனால மாட்டிக்கிட்டோம்’ என்று செய்தி அனுப்பினேன். அவனுக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆசிரியர் அறையில் எலுமிச்சைச் சாத வாசனை. மூலையில் எட்மண்ட் சார் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். எழில் என் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருந்ததால் நானும் உள்ளே நின்றேன்.

“ரூல் தெரியும்ல?” என்றார் மேடம். “ப்ராக்ஸி கொடுத்தவன், வாங்கினவன், ரெண்டு பேருக்கும் இந்த செமஸ்டர் அட்டென்டன்ஸ் மொத்தமும் கேன்சல். ஹால் டிக்கெட் வராது. யாருன்னு சொல்லு, உன் விஷயத்தை வேணா யோசிக்கறேன்.”

“சொல்ல மாட்டேன் மேம்.”

குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“அப்போ நீயும் வரல, அவனும் மாட்டக் கூடாது. அப்படித்தானே?”

“நான் தினமும் வந்தேன் மேம்.”

“வந்தவனுக்கு எதுக்குப்பா ப்ராக்ஸி?”

நியாயமான கேள்வி. எட்மண்ட் சாரே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“பேரு கூப்பிட்டா எனக்கு வாய் வராது மேம். முதல் நாள்ல இருந்து. உள்ள இருக்கும், வெளிய வராது.”

“எத்தனையோ வருஷமா சாக்கு கேக்கறேன். இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல. வந்தேன்னு சொல்றியே, என்ன ஆதாரம்?”

எழில் தரையைப் பார்த்தான். பிறகு தரையிடமே பேச ஆரம்பித்தான்.

“டிப்ரிசியேஷன் எடுத்தப்ப உங்க கல்யாண மிக்ஸியச் சொன்னீங்க மேம். புஸ்தகத்துல அதோட மதிப்பு எப்பவோ பூஜ்யம், ஆனா இன்னிக்கும் சட்னி அரைக்குதுன்னீங்க. குட்வில் மழை பேஞ்ச அன்னிக்கு எடுத்தீங்க. இரும்புலியூர்ல உங்க தெருவுல ஒரு மாவுக் கடை, ஓனர் மாறி, போர்டு மாறி, ஆனா எல்லாரும் இன்னும் பழைய அம்மா பேரைச் சொல்லித்தான் மாவு வாங்கறாங்க, அந்தப் பேருக்குத்தான் மதிப்புன்னு சொன்னீங்க. கரன்ட் போன அன்னிக்கு பெஞ்சுக்கு நடுவுல நடந்துக்கிட்டே பேங்க் ரிகன்சிலியேஷன் நடத்தினீங்க, ஒரு எடத்துல கூட்டல் தப்பாச்சு, அப்புறம் நீங்களே...”

“அது இருட்டுல தெரியல,” என்றார் மேடம் அவசரமாக, எட்மண்ட் சார் பக்கம் பார்த்து.

“போன மாசம் ஒரு நாள் பாதியில சாக்பீஸக் கீழ வச்சுட்டீங்க மேம். ‘இதை யாராவது கேக்குறீங்களா, இல்ல நான் ஃபேன்கிட்ட பேசிட்டு இருக்கேனா’ன்னு கேட்டீங்க. நான் தலையாட்டினேன் மேம். நல்லாவே ஆட்டினேன். நீங்க பார்க்கல.”

மேடம் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். அன்றைக்கு அவர் கேட்டது எனக்கும் நினைவிருந்தது. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன், அந்த அமைதியில்தான் விழிப்பு வந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஒரு உருவம் நின்றது. ஃபிரெடி. அவனுடைய அக்காவின் கூலிங் கிளாஸ், ஓரத்தில் மினுமினுக்கும் கற்கள் வேறு, தலையில் மஃப்ளர். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று இரும்புலியூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறான்.

“மேம்,” என்றான் ஃபிரெடி, தன்னை மறந்து, அடிவயிற்றிலிருந்து. “அவன ஒண்ணும் பண்ணாதீங்க. நான்தான் மேம்.”

மேடத்தின் முகம் மலர்ந்தது. விரலை நீட்டினார். “இதோ! இதுதான் எழில்!”

காது ஜெயித்துவிட்ட மகிழ்ச்சி அது. இரண்டு விநாடி நீடித்தது. அதற்குள் ஃபிரெடி மரியாதைக்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

“அங்கயே நில்லு!” என்று கத்தினார் மேடம். எட்மண்ட் சார் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் பாய்ந்தார். “உள்ள வராத! கதவைத் தொடாத! யார் நீ?”

“ஃபிரெடி, மேம்.”

“ஃபிரெடிக்கு மூக்குக் குரல்தானே?”

“அதுவும் நான்தான் மேம்,” என்றான் மூக்கால், செய்து காட்டும் விதமாக. “ரெண்டு பேரும் டெய்லி வந்துகினுதான் இருந்தோம். இவனால நான் மழையிலகூட வந்தேன். எங்க அம்மாவே எனக்கு இன்னா ஆச்சுன்னு பயந்துட்டாங்க. கேன்சல் பண்றதா இருந்தா என்னுத பண்ணிக்கங்க.”

மேடம் பதிவேட்டைத் திறந்து வெகு நேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எழில் வரிசையில் டிக், அவன் வந்திருக்கிறான். ஃபிரெடி வரிசையில் டிக், அவனும் வந்திருக்கிறான். நடந்த மோசடியில் ஒரு பொய்யான டிக்கூட இல்லை. விதிப்படி ரத்து செய்ய வேண்டுமென்றால் வராத ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் எங்கேயும் கிடைக்கவில்லை.

“எட்மண்ட் சார், இதுக்கு என்ன பண்றது?”

“முதல்ல அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்புங்க மேடம்,” என்றார் எட்மண்ட் சார் ஜன்னல் பக்கத்திலிருந்து.

மேடம் பதிவேட்டை மூடினார். “போட்டது போட்டதுதான். மாத்தப் போறதில்ல. ஃபிரெடி, கண்ணு சரியானப்புறம் முதல் பெஞ்ச். வருஷம் பூரா. நீ எழில், நாளையிலருந்து நீயே சொல்லணும். வேற வாய்ஸ் வந்துது, அன்னிக்கு ரெண்டு பேருக்கும் கட்.” கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். “அவசரமில்லப்பா. உன் பேரைக் கூப்பிட்டுட்டு நான் வெயிட் பண்றேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல.”

எழில் பதறிப்போனான். “ஐயோ, வெயிட் பண்ணாதீங்க மேம்!”

“ஏன்?”

“நீங்க வெயிட் பண்ணா எல்லாரும் வெயிட் பண்ணுவாங்க. அதான் மேம் பயமே. கூப்பிட்டுட்டு நீங்க பாட்டுக்கு அடுத்த பேருக்குப் போயிடுங்க. நான் பின்னாடியே வந்துடறேன்.”

மேடம் அவனையே பார்த்தார். எத்தனையோ வருடம் வருகை எடுத்தவருக்கு, அந்த வேலையில் புதிதாக ஒன்றைக் கேட்பது பிடித்திருந்ததா, பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“எவ்வளவு பின்னாடி?”

“தெரியல மேம்.”

“ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கம் முடியறதுக்குள்ள வந்துடு,” என்றார்.

மறுநாள் மூன்றாவது பெஞ்சில் நானும் எழிலும் மட்டும். ஃபிரெடியின் இடத்தில் எழிலின் பையை வைத்திருந்தோம். வகுப்பில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். யாரும் எழிலைப் பார்க்கக் கூடாது என்று தீபலட்சுமி காலையிலேயே உத்தரவு போட்டிருந்தாள். அதனால் எழுபது பேரும் கரும்பலகையை முறைத்துக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“தீபலட்சுமி.”

“பிரசென்ட் மேம்.”

“எழில்.” மேடம் மூச்சு வாங்கவில்லை. “ஃபிரெடி.” அங்கே அமைதி. “கண்ணு,” என்று முணுமுணுத்து ஒரு கோடு போட்டார். “கீதா.”

“பிரசென்ட் மேம்.”

“ஜெரோம்.”

எனக்கு அடுத்த நாலைந்து பேர் முடிந்தால் பக்கம் திரும்பிவிடும். நான் பேனாவைக் கீழே தவறவிட்டேன். விழுந்த பேனாவை எடுக்காமல் பதில் சொல்வது முறையில்லை என்பதால் பெஞ்சுக்கு அடியில் குனிந்தேன். பேனா உடனே கிடைத்துவிட்டது. அதைக் கொஞ்சம் தள்ளி உருட்டிவிட்டுத் தேடினேன். அங்கிருந்து எழிலின் கால்கள் தெரிந்தன. கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. மேலே மேடம் இன்னொரு முறை, “ஜெரோம்,” என்றார். விரல்கள் இன்னும் இறுகின. பிறகு ஒவ்வொன்றாக விட்டன.

“பிரசென்ட் மேம்,” என்றான் எழில், என் தலைக்கு மேலே.

பேனா பதிவேட்டில் மேலே நகர்ந்து, ஒரு டிக் போட்டு, திரும்பக் கீழே வந்த சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. யாரும் கை தட்டவில்லை. யாரோ ஒருத்தி மட்டும் மூக்கை உறிஞ்சினாள். சளியாகவும் இருக்கலாம்.

“ஜெரோம் இருக்கானா, இல்லையா?”

“பிரசென்ட் மேம்,” என்றேன் அடியிலிருந்து.

“மேல வந்து சொல்லுப்பா,” என்றார் மேடம். “இதுக்கெல்லாம் என்னால புது வாய்ஸ் மனப்பாடம் பண்ண முடியாது.”